சண்டைக்கு முன்

அன்பு நாகராணிக்கு,

"உன் வாயெல்லாம் விஷம்டி" என்று கிண்டல் செய்வேனே, ஆய்வகத்தில் இப்போது அதுதான் வேலை. பாம்பு விஷத்துக்கு உறவுமுறையான புரதத் துணுக்கை மனித எச்சிலில் தேடுகிறோம். முதலில் அது மாட்டியது என் எச்சிலில்தான். "அப்பவே சொன்னேன்ல, உங்களுக்குத்தான்!" என்று நீ சிரித்தது கேட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

அடுத்தது உன் எச்சில் உறைந்திருக்கும் குழாய். ஆள் குறைந்ததென்று உன்னைத் துப்ப வைத்தேனே, அதுதான். 'சாப்பாட்டுக்கு முன்' என்று எழுதவேண்டிய சீட்டில் 'சண்டைக்கு முன்' என்று எழுதியிருக்கிறாய், குறும்புக்காரி. அன்று மாலையே சண்டை போட்டோம். சமாதானமாவதற்குள் மாரடைப்பில் போய்விட்டாய்.

உருக்கினால்தான் சோதிக்க முடியும். உருக்கினால் நீ மிச்சமில்லை.

"உடைஞ்சிருச்சு சார்" என்று மேலதிகாரியிடம் புளுகிவிட்டு, உறைபெட்டியில் என் குழாயை உரசினாற்போல் உன்னை வைத்தேன். சீட்டு என்னைப் பார்த்தபடிதான் வைத்தேன். காலையில் திறந்தால், சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது.

இன்னுமா கோபம்?

உன் விஷக்காரன்