மெத்தை வீட்டு மெயில்

அண்ணி,

நகரி வீட்டு ஃபிரிட்ஜின் மேல் உங்கள் போன் இன்னும் சார்ஜில்தான் இருக்கிறது. ஓடிபி எல்லாம் அதற்குத்தான் வருகிறது என்று அண்ணன் விடாமல் ரீசார்ஜ் செய்கிறார். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தூரிலிருந்து போயிருந்தபோது அது அதிர்ந்தது. எடுத்தேன். பின்னுறைக்குள் நீங்கள் திருமலையிலிருந்து கொண்டுவந்து செருகிய பச்சைக் கற்பூரம் கரைந்து வெறும் காகிதம் கிடந்தது. வாசனை மட்டும் அப்படியே இருக்கிறது. சாயங்காலம் திருப்பதி காலேஜ் ஆபீஸிலிருந்து வந்து நீங்கள் கைப்பையை வைத்ததும் கூடத்தில் வருமே, அதே வாசனை. அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. வந்திருந்த செய்தியைப் படித்தேன்.

நம் குடும்ப மெயிலை வைத்திருக்கும் கம்பெனிதான் எழுதியிருந்தது. நீங்கள் பிடித்து வைத்திருந்த அந்தச் சின்ன பிளான் முடிகிறதாம். இனிமேல் தலைக்கு இவ்வளவு, மாதா மாதம். கட்டாவிட்டால் பெட்டிகளை மூடிவிடுவார்கள். கீழே நம் ஆறு பேரின் முகவரிகள். நைனா, அண்ணன், நீங்கள், உங்கள் மகள், நான், என் வீட்டுக்காரர். கணக்குப் போட்டுப் பார்த்தால், விசைத்தறி பாதி நாள் நின்றுகிடக்கிற வீட்டுக்கு அது பெரிய செலவு.

நீங்கள் போனதிலிருந்து நான் இப்படித்தான் இருக்கிறேன். கருமாதிக்கு வந்தவர்களுக்கு இலை போட்டேன், பாத்திரம் எண்ணி வாடகைக் கடைக்கு அனுப்பினேன். "நாத்தனாக்காரி கல்லாட்டம் கீறா பாரு" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. கோபம்கூட வரவில்லை. பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி, தொட்டால் அது வேறு யாருடையதோ என்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறேன். சாப்பிடுகிறேன். ஒன்றும் குறைவில்லை.

இந்தக் குடும்ப மெயில் நம் வீட்டுக்கு எதற்கு வந்தது என்பது உங்கள் மகளுக்குத் தெரியாது. அவள் அப்போது குழந்தை. டீச்சர் வேலைக்கு நான் நகரி நெட் சென்டரில்தான் அப்ளிகேஷன் போட்டேன். மெயில் ஐடி அந்தக் கடைக்காரனே உண்டாக்கினான். நம் தெருவில் எல்லாருக்கும் அவன்தான் உண்டாக்கினான். பாஸ்வேர்ட் என்று ஒன்று இருப்பதே நமக்குத் தெரியாது. சர்டிஃபிகேட் சரிபார்க்கக் கூப்பிடுகிறார்கள், மெயிலில் நாள் வந்திருக்கும் என்று கேள்விப்பட்டு ஓடினால் கடை ஷட்டர் இறங்கியிருக்கிறது. கடையை விட்டுவிட்டு அவன் தடா ஊர்ப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். நான் வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கெல்லாம் எனக்கு நன்றாக அழுகை வரும்.

நீங்கள் காலேஜுக்கு லீவு போட்டீர்கள். "எந்திரி டீச்சரம்மா, மூஞ்சி கழுவு" என்று என்னை இழுத்துக்கொண்டு பஸ் மாறி மாறிப் போய், அந்தக் கம்பெனி கேட்டில் ஷிப்ட் விடும்வரை வெயிலில் நின்றீர்கள். அவன் சோற்றுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். உங்களைப் பார்த்ததும் கடன்காரனைக் கண்டவன் மாதிரி திரும்பினான். சட்டைக் காலரைப் பிடிக்காத குறையாக மடக்கினீர்கள். அவன் பாவம், தெலுங்கில், "அந்தரிக்கீ ஒகட்டே பாஸ்வேர்ட் அக்கா" என்றான். தெரு மொத்தத்துக்கும் ஒரே பாஸ்வேர்ட். அவன் கடைப் பேரும் ஒன்று இரண்டு மூன்றும். உங்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அங்கேயே அவன் போனில் திறந்தோம். மறுநாள்தான் எனக்கு நாள். இன்று நான் வாங்கும் சம்பளம் அந்த கேட்டில் கிடைத்தது.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னீர்கள். "இன்னொருத்தன் வூட்டு வாசல்ல போய் நம்ம தபாலைக் கேட்டுக்கினு நிக்கக் கூடாது." அந்த மாதமே டொமைன் வாங்கினீர்கள், மெயில் முகவரியின் பின்பாதியில் வர நமக்கே நமக்கென்று ஒரு பேர். என்ன பேர் வைப்பது என்று பெரிய பஞ்சாயத்து. தமிழர்களான நமக்குத் தெலுங்குக்காரர்கள் மாதிரி இண்டிப்பேர், குடும்பப் பேர், ஏது? ஆபீஸில் கேட்கிறார்களே என்று நைனா ஒன்று சொல்லியிருந்தார், அண்ணனின் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒன்று எழுதியிருந்தார், எனக்கு வெறும் இனிஷியல். ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று எந்தக் காகிதமும் சொல்லாது. தெருவில் முதலில் மாடி கட்டியதால் ஊரார் நம்மை மெத்தை வீடு என்பார்கள். அதையே வைத்தீர்கள். "ஓட்டு வூட்லேர்ந்து வந்தவ நானு, மெத்தை வூட்டுப் பேரை நான்தான் காப்பாத்த வேண்டியதா கீது" என்று நைனாவைச் சீண்டினீர்கள். அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. மளிகைக் கடையில்கூட மெயில் ஐடி சொன்னார்.

எனக்கு அன்று விளங்காததை இரண்டே வாக்கியத்தில் சொன்னீர்கள். "பேரு நம்முது. பொட்டி மட்டும் வாடகைக்கு." வாடகைக்கு விடுகிறவன் சரியில்லை என்றால் வேறு பெட்டிக்குப் போகலாம், முகவரி மாறாது. அதை நம்பித்தான் இப்போது தேட உட்கார்ந்தேன்.

தேடிப் பார்த்தால் வயிறு எரிகிறது அண்ணி. குடும்பம் என்று ஒன்று உலகத்தில் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. உங்கள் நிறுவனத்தில் எத்தனை ஊழியர்கள் என்கிறான் ஒருவன். உங்கள் டீமை வளர்த்திடுங்கள் என்கிறான் இன்னொருவன். நைனா எந்த டீமில் இருக்கிறார்? சாப்பிட்டுத் தூங்கும் டீமில் இருக்கிறார். மலிவு என்று போய்ப் பார்த்தால் முதல் வருடம் மட்டும் மலிவு, அடுத்த வருடம் விலை இரண்டு பங்கு. எல்லாவற்றிலும் ஒரு கட்டம் வரும், எத்தனை பேர் என்று. ஆறு என்று போடுவேன். அழித்து ஐந்து என்று போடுவேன். கீழே தொகை குறையும். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன்.

நான் நகரிக்குப் போயிருந்தபோது உங்கள் மகள் பெங்களூரிலிருந்து போனில் பேசினாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன், அண்ணன் பக்கத்தில் இருந்தார். "ஆளுக்கொரு ஃப்ரீ மெயில் வெச்சுக்கலாம் அத்தே. அம்மாதுக்கும் சேத்து எதுக்குக் கட்டணும்?" என்றாள். சொன்னவளே நிறுத்திவிட்டாள். அண்ணன் எழுந்து தறிக் கொட்டகைக்குப் போனார். ஓடாத தறியை வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு வந்து, "அவளை எடுக்காதே பாப்பா. நான் கட்டறேன்" என்றார். எதை வைத்துக் கட்டுவார் என்று நான் கேட்கவில்லை.

ஒரு குறுக்கு வழி இருந்தது. உங்கள் முகவரிக்கு வருவது என் பெட்டியில் விழும்படி செய்யலாம், அதற்குத் தனிக் காசு கிடையாது. கேஸ், கரண்ட், நைனாவின் பென்ஷன், சொந்தக்காரர்களின் தரிசன டிக்கெட் எல்லாம் உங்கள் பேருக்குத்தானே வருகிறது, ஒன்றும் தவறாது. அண்ணனுக்கு விளக்கினேன். நிதானமாகக் கேட்டார். "அப்போ அவளுக்குன்னு எடம் கெடையாதா?" என்றார். அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

கடைசியில் ஒன்று கிடைத்தது. சின்ன கம்பெனி. தலையை எண்ணுவதில்லை. எவ்வளவு இடம் பிடிக்கிறது, ஒரு நாளைக்கு எத்தனை மெயில் போகிறது, அவ்வளவுதான் கணக்கு. ஆறு பேர் இருந்தாலும் அறுபது பேர் இருந்தாலும் ஒரே வாடகை. நம் வீட்டில் யார் அப்படி எழுதிக் குவிக்கிறார்கள்? வருடத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், நானே கட்டிவிடலாம். எத்தனை பேர் என்ற கட்டமே அதில் இல்லை. இருக்கிறதா என்று மேலும் கீழும் தேடிப் பார்த்துவிட்டுத்தான் பணம் கட்டினேன்.

மாற்றும் அன்று உங்கள் போனுக்கு ஓடிபி வந்தது. அண்ணன் நகரியிலிருந்து ஒவ்வோர் எண்ணாக, சின்னப் பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்வதுபோல் சொன்னார். நான் சித்தூரில் தட்டினேன். உங்கள் பழைய மெயில்கள் அத்தனையும் புதுப் பெட்டிக்கு வந்து சேர ஒரு பகல் முழுக்க ஆயிற்று. எதையும் திறந்து பார்க்கவில்லை.

நேற்று எல்லாருக்கும் "டெஸ்ட்" என்று ஒரு மெயில் போட்டேன். உங்கள் மகள் கட்டைவிரல் படம் அனுப்பினாள். என் வீட்டுக்காரர் அடுத்த அறையிலிருந்து "வந்துச்சு" என்று கத்தினார். நைனா போன் பண்ணி, "இன்னாம்மா, டெஸ்ட்டுனு மட்டும் போட்டுக்கினு உள்ளே ஒண்ணும் எழுதலயே, எல்லாரும் சுகம்தானே?" என்று சண்டைக்கு வந்தார். உங்களுக்கும் அந்த ஒரு வார்த்தையைப் போட்டு அனுப்பியிருக்கலாம். பெட்டி வேலை செய்கிறதா என்று தெரிய அது போதும். உங்கள் முகவரியைத் தட்டிவிட்டுக் கீழே வந்தால், கை "அண்ணி" என்று எழுதிவிட்டது.

எழுதிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் கூப்பிட்டார். தன் மெயில் வந்துவிட்டது என்றார்.

"அவளுக்குப் போட்டுட்டியா?"

"எழுதிக்கினு கீறேன் அண்ணா."

"மாத்திரைய வேளைக்குத் துன்றேன்னு எழுது பாப்பா."

சரி என்றேன். போனை வைத்த பிறகு எழுத்து தெரியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன், அப்போதும் தெரியவில்லை. மூஞ்சி கழுவிக்கொண்டு வந்து எழுதுகிறேன். அண்ணன் மாத்திரையை வேளைக்குத் தின்கிறார் அண்ணி. தினமும் நான் போன் பண்ணிக் கேட்டுக்கொள்கிறேன்.