விளக்குக்கு இரண்டு கட்டை

அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து தூறல். கொடியில் போட்டது எதுவும் காயவில்லை.

டூட்டி சார்ட் ஒட்டிவிட்டார்கள். அடுத்த திங்கள் முதல் எனக்குச் சாயந்தர டூட்டி. மதியம் டெலிபோன் போர்டில் உட்கார்ந்தால் ராத்திரி எட்டுக்குத்தான் எழுந்திருக்க முடியும். பிலோமினா பிரசவ லீவு, வேறு ஆள் இல்லை. சூப்பர்வைசர் அம்மா, "முடியலைன்னா இப்பவே சொல்லிரு. மதுரையில ஆள் கேட்டுக்கிறேன்" என்றார். ஆள் வந்தால் என் நாற்காலி போச்சு. நான் இன்னும் டெம்பரவரிதான். முடியும் என்று சொல்லிவிட்டேன். எப்படி என்றுதான் தெரியவில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் உத்தமபாளையத்தில். வீடு அனுமந்தன்பட்டியில். பகலில் சைக்கிளில் போய் வருவது பழகிவிட்டது, ஊரும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. இருட்டில்தான் சிக்கல். அந்த நேரத்துத் தேனி பஸ் படியில் ஆள் தொங்க வரும். கை காட்டினால் இன்னும் வேகமாகப் போகும்.

சாப்பாட்டு நேரத்தில் அத்தையிடம் சொன்னேன், மாமா காதிலும் விழும்படி. மாமா என்னோடு நேரில் பேசமாட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம். மருமகளோடு மாமனார் பேச்சு வைத்துக்கொள்வது இவர்கள் வீட்டு வழக்கத்தில் இல்லை. எதுவானாலும் அத்தை வழியாக. அத்தை இல்லாவிட்டால் தூணைப் பார்த்து. கோபமெல்லாம் இல்லை, அது மரியாதை என்பார் அத்தை.

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே அத்தையிடம்: "சைக்கிள்லயே வரட்டும். ஆனா வெளிச்சத்தோட வரணும். லாரி போற ரோடு. ஒரு நா இருட்டுல வந்தாலும் மறுநாளே வேலைய எழுதிக் குடுத்துரச் சொல்லு."

அத்தை அப்படியே திரும்பி எனக்குச் சொன்னார், நான் ஏதோ பக்கத்துத் தெருவில் இருப்பது போல.

வேண்டாம் என்று சொல்லவில்லையே. அதற்கே ஒரு கும்பிடு. எங்கள் அம்மா வீட்டில் சொல்லியிருந்தால் அன்றைக்கே சைக்கிளை விற்றிருப்பார்கள்.

வாங்க: சைக்கிள் லைட். பல்பு, கூட ஒன்று. பேட்டரிக் கட்டை. சேலைக்கு ஊக்கு.

அக். 16, புதன்

வெயில். புழுக்கம்.

ஆபீஸில் இன்று முழுக்க லைட் பேச்சுத்தான். ஜானகி அக்கா டைனமோ கட்சி. லைன்மேன் பேட்டரி கட்சி. சூப்பர்வைசர் அம்மா எந்தக் கட்சியும் இல்லை, "மெழுகுவர்த்திய காகிதத்துல சுத்திப் பிடிச்சிட்டுப் போவாக எங்க அப்பா" என்றார். லைட் இல்லாமல் போனால் போலீஸ் நிறுத்தி டயரில் காற்றைப் பிடுங்கிவிடுவார்களாம். மெழுகுவர்த்தி அவர்களுக்காகத்தான், ரோட்டுக்காக இல்லை.

ட்ரங்க் காலில் போடிக்காரர் ஒருவர்: "ஏலக்கா என்ன வெலைன்னு மொதல்ல சொல்லு. வீட்டுல சவுக்கியமான்னு பெறகு கேக்குறேன்." கேட்கக் கூடாது. காதில் விழுகிறது.

இடது காது வலி. ஹெட்போன் அழுத்துகிறது. பஞ்சு வைத்துப் பார்க்க வேண்டும்.

அக். 19, சனி

அவர் தேனியிலிருந்து வந்தார். பஞ்சு மில் ஆபீஸில் சனிக்கிழமை அரை நாள். நேராக உ.பாளையம் பஜாரில் இறங்கச் சொல்லியிருந்தேன். சட்டையெல்லாம் பஞ்சு. தட்டிவிட்டுத்தான் கடைக்குள் விட்டேன்.

காதர் பாய் சைக்கிள் கடை. அவருக்கு டைனமோ மேல் ஆசை. அதாவது எங்கள் வீட்டுக்காரருக்கு. "ஒரு தடவ வாங்கிட்டா முடிஞ்சுச்சு. கட்டை வாங்குற சோலியே இல்ல."

நான்: "மிதிக்கிற வரைக்குந்தான் அது எரியும். நின்னா அணஞ்சுரும். பொம்பளைக்கு ரோட்டுல நிக்கிறப்பத்தான் வெளிச்சம் வேணும்."

அவர் கையிலிருந்த டைனமோவைத் திருப்பி வைத்தார். அப்புறம், "பேட்டரி லைட்டே குடுங்க பாய்."

இந்த மனுஷனுக்கு எடுத்துச் சொன்னால் புரியும். இது எவ்வளவு பெரிய விஷயம் என்று ஜானகி அக்காவைக் கேட்டால் தெரியும்.

அடுத்தது கட்டை. இரண்டு போடும் லைட். பேப்பர் சுற்றிய கட்டை ஒன்று, தகரம் போர்த்தியது ஒன்று. பார்க்கப் பேப்பர்தான் அழகு, நல்ல மயில் கலர். பாய் விடவில்லை. "அது மழைக்காலத்துக்கு ஆகாதும்மா. ஊறிப்போயி உள்ளயே ஒழுகிரும். அப்புறம் கட்டையோட லைட்டையும் சேத்துக் கடாசணும்." தகரக் கட்டைதான் விலை ஜாஸ்தி, அதனால் சொல்கிறாரோ என்று அவர் என் காதில். இருக்கலாம். ஆனாலும் பாய் ஒவ்வொரு கட்டையாகக் கம்பியில் பல்பை வைத்து எரித்துக் காட்டினார். மங்கலாக எரிந்த ஒன்றை ஒதுக்கி வைத்தார். "இது ரேடியோவுக்கு ஆகும். வெளக்குத்தான் தெம்பு கேக்கும். ரேடியோ பாவம், சாகக் கெடக்குற கட்டையிலயும் பாடும்."

கிளம்பும்போது ஒரு புத்திமதி. புதுசையும் பழசையும் ஜோடி சேர்க்கக் கூடாது. சேர்த்தால் பழசு புதுசையும் கெடுத்துவிடும்.

வீட்டில் அவர் ஸ்பேனரோடு ஒரு மணி நேரம் போராடி லைட்டை மாட்டினார். கோணல்தான். வெளிச்சம் ரோட்டில் விழாமல் எதிர்வீட்டு ஜன்னலில் விழுந்தது. தட்டிச் சரிசெய்தோம்.

வீட்டில் மாமாவின் ரேடியோவுக்கும் இதே அளவுக் கட்டை இரண்டு. மாறிவிடக் கூடாது என்று என் கட்டைகளுக்குத் தலையில் சாந்துப் பொட்டு வைத்தேன். அத்தை பார்த்துவிட்டு: "என்னாத்தா, கட்டைக்குக் கல்யாணமா?"

அக். 21, திங்கள்

முதல் நாள் ஆயிற்று!

எட்டு மணிக்குக் கிளம்பினேன். பஜார் தாண்டும் வரை தெருவிளக்கு. அப்புறம் இரண்டு பக்கமும் வயல், தவளைச் சத்தம், புளியமரங்களில் அடித்த வெள்ளைப் பட்டை ஒவ்வொன்றாக முன்னால் வந்தது. வாய்க்கால் பாலத்து ஏற்றத்தில் மெதுவாகத்தான் மிதிக்க முடிந்தது. லைட் அதே வெளிச்சத்தில் எரிந்தது. டைனமோவாக இருந்தால் அங்கே கண் சொருகியிருக்கும்.

பஸ் ஸ்டாண்டு முக்கில் நின்ற கான்ஸ்டபிள் கூட இருந்தவரிடம், "லைட்டோட வர்ற ஒரே சைக்கிளு. அதும் பொம்பளப் புள்ள" என்றது காதில் விழுந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தேன்.

மாமா வாசலில் ரேடியோவோடு. லைட்டைப் பார்த்தார். எழுந்து உள்ளே போய்விட்டார். அத்தை சொன்னது: "ஏழரையிலருந்து உள்ளுக்கும் வாசலுக்கும் நடந்துட்டே இருந்தாக."

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: காதர் பாய், அவர், புளியமரத்துக்கு வெள்ளை அடித்தவர்கள் யாரோ, கௌமாரியம்மன். இந்த வரிசையில் எழுதியதற்கு அம்மன் மன்னிக்கணும்.

அக். 24, வியாழன்

மழை. சேலை ஓரமெல்லாம் சேறு. அலசி அலசிக் கை விட்டுப் போச்சு.

ரேடியோ இழுத்துக்கொண்டு கிடக்கிறது. செய்தி வாசிக்கிறவர் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறார். மாமா காதை ஒட்டி வைத்துக் கேட்கிறார். ராத்திரி செய்தி கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மழை கொஞ்சம் விட்டதும் அத்தை ரேடியோக் கட்டைகளை ஓட்டு மேல் காயப் போட்டார். காய்ந்தால் இரண்டு நாள் தெம்பு வரும். எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். எங்கள் ஆபீஸ் டார்ச்சுக்கும் அதே வைத்தியம்.

மனசு கேட்கவில்லை. அத்தையிடம், "என் கட்டைய ரேடியோவுக்குப் போடுங்க அத்தை, நான் வேற வாங்கிக்கிறேன்" என்றேன். மாமா தூணிடம் சொன்னார்: "அது வெளக்குக்கு வாங்குனது. வெளக்குலதான் இருக்கணும்."

தூணுக்குப் புரிந்தது. எனக்கும்.

அக். 27, ஞாயிறு

அவர் காலைப் பஸ்ஸில் போய்விட்டார், மில்லில் கணக்கு முடிக்கிறார்களாம். வீட்டு டார்ச்சையும் எடுத்துப் போனார். தேனியில் அவர் தங்கும் ரூமில் தேளாம். காது வலி பரவாயில்லை. கருவாட்டுக் குழம்பு.

அக். 30, புதன்

விடியற்காலை. யாரும் எழுந்திருக்கவில்லை. நேற்று நடந்ததை மறக்கும் முன்னால் எழுதிவிட வேண்டும்.

நேற்றுக் காலை நல்ல வெயில். நான் குளிக்கப் போயிருந்தபோது அத்தை ரேடியோக் கட்டையோடு என் லைட்டுக் கட்டைகளையும் கழற்றிச் சுளகில் பரப்பிக் காயப் போட்டிருக்கிறார். புதுக் கட்டைக்கும் வெயில் பட்டால் இன்னும் தெம்பு ஏறும் என்று. தலையில் இருந்த சாந்து வெயிலில் இளகி வழிந்திருக்கிறது. துரு என்று நினைத்துத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டார். நாலும் ஒரே கம்பெனி, ஒரே நிறம். மதியம் நான் கிளம்பும் முன் அவரே இரண்டை லைட்டில் போட்டு மூடி வைத்திருக்கிறார். எனக்கு எதுவும் தெரியாது.

எட்டு மணிக்கு லைட் ஜோராகத்தான் எரிந்தது. வெயிலில் காய்ந்த தெம்பு. வாய்க்கால் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால் மஞ்சளானது, சிவப்பானது, நூல் மாதிரி ஆனது, போய்விட்டது.

தட்டினேன், குலுக்கினேன், கட்டையை முன்பின் மாற்றிப் போட்டேன். ஒன்றுமில்லை. தூறல் வேறு. ஒரு லாரி சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. அதற்குப் பின் வந்த இருட்டு அதற்கு முன் இருந்ததைவிட மோசம்.

அழுதேன். பயத்தில் பாதி, வேலை போகப் போகிறதே என்று பாதி. நாளைக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மாமா சொன்னால் சொன்னதுதான். என் நாற்காலியில் மதுரைக்காரி யாரோ. சைக்கிளை ரோட்டோரமாகத் தள்ளிக்கொண்டு நடந்தேன்.

அப்போது பாட்டுக் கேட்டது. சினிமாப் பாட்டு. இலங்கை ஸ்டேஷன், முழுச் சத்தத்தில், ஆளரவமே இல்லாத ரோட்டில். கல்யாண வீட்டு ரேடியோ செட் வண்டியோ என்று பார்த்தால் வண்டியும் இல்லை, விளக்கும் இல்லை. பாட்டு மட்டும் என்னைப் பார்த்து நடந்து வருகிறது. கிட்டே வந்ததும் ஒரு செருமல். அந்தச் செருமல் தெரியும். தினமும் விடியற்காலை அதில்தான் நான் கண் விழிக்கிறேன்.

மாமா. மடித்துக் கட்டிய வேட்டி, தலையில் துண்டு, கையில் ரேடியோ. சினிமாப் பாட்டு என்றாலே எழுந்து போகிறவர்.

சைக்கிள் ஹாண்டில்பாரைப் பார்த்துச் சொன்னார்: "இப்பச் செய்திக்குன்னு போட்டா ரேடியோ கணீர்னு பாடுச்சு. செத்த கட்டை இப்பிடிப் பாடாதேன்னு தெறந்து பாத்தேன். அப்பிடின்னா வெளக்குல எது கெடக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு. அரிக்கேன் வாசல் தாண்டல, காத்து அணச்சுருச்சு. இருட்டுல ஆம்பளயாளு எதுக்க வந்தா யாரோ எவரோன்னு பயந்துரும்ல. அதான் பாட்டப் போட்டுட்டே வந்தேன்."



நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன். அவர் ரேடியோவின் முதுகைத் திறந்தார். பாட்டு பாதி வரியில் நின்றது. தவளைகள் மட்டும். தடவித் தடவி இரண்டு கட்டையையும் எடுத்து லைட்டில் போட்டார். எரிந்தது. ரோடு, வாய்க்கால், மாமாவின் சேறு அப்பிய கால். செருப்புக்கூடப் போடாமல் வந்திருக்கிறார்.

லாரி வரும் பக்கம் அவர், உள்பக்கம் நான், நடுவில் சைக்கிள். பாலம் தாண்டினோம். செய்தி நேரமும் போய்விட்டது, பாட்டும் போய்விட்டது, அவருக்கு எப்படி இருக்குமோ என்று யோசித்துக்கொண்டே தள்ளினேன்.

"இன்னைக்கு என்ன, ட்ரங்க் கால் நெறையவா?"

யாரிடம் கேட்கிறார் என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. தூண் இல்லை. அத்தை இல்லை.

"ஆமா மாமா" என்றேன். அப்புறம் நிறுத்தவே இல்லை. கம்பத்துத் திராட்சை லாரி குமுளியில் நின்றது, ஏலக்காய் விலை ஏறியது, மலையாளத்திலேயே பேசி என்னைத் திணறடித்த கோட்டயத்துக்காரர், வருசநாட்டில் வெள்ளம் என்று வந்த கால். காதில் விழுந்ததையெல்லாம் சொன்னேன். பெயர் மட்டும் சொல்லவில்லை. மாமா "ம்" கொட்டிக்கொண்டே வந்தார். வெள்ளம் என்றதும் நின்று, "எந்தப் பக்கம்? மூல வைகையிலயா?" என்று கேட்டார். தெரிந்ததைச் சொன்னேன்.

அத்தை வாசலிலேயே அழுதுகொண்டு நின்றார். "பாவி நாந்தேன் மாத்திப் போட்டேன். வெயில்ல வச்சா நல்லதுன்னு... லைட்டு அணஞ்சுபோச்சாத்தா? இருட்டுலயா வந்த?" அவரைத் திட்டவா முடியும்? எனக்காகத்தானே வெயிலில் நின்று காயப் போட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் மாமா காலைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "இருட்டுலயா? யாரு சொன்னா? வெளிச்சத்தோடதான வந்தோம். சோத்தப் போடு. அதுக்கு நாளைக்கும் டூட்டி இருக்கு."