‘கொன்றுபோடுவன்’ என்றொரு பேச்சு

சிறைச்சாலை
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள தர்மினி அக்கா,

தம்பி திலக்சன் எழுதுகிறேன். சுகமாக இருக்கிறேன் என்றால் நம்பமாட்டீர்கள். சாப்பிடுகிறேன், நித்திரை கொள்கிறேன். நீங்கள் சுகம்தானே? வேலை இன்னும் அதே பொலிஸ் அவசர அழைப்பு மையத்தில்தானா? அம்மருட்டில் குளிர் தொடங்கியிருக்கும். தடித்த காலுறை போடுங்கள். உங்களுக்கு இதையெல்லாம் சொல்ல அங்கே ஆள் இல்லை.

பொலிஸ் என்னைப் படிக்கட்டில் குப்புற விழுத்தி அமுக்கிய அன்று விலகிய தோள்மூட்டு இன்னும் சரியாகவில்லை. அவர்களைக் குறை சொல்லவில்லை. கையில் கத்தியோடு ஒருவன் வந்தால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

தீர்ப்பு கேள்விப்பட்டிருப்பீர்கள். கொலை முயற்சி, எட்டு வருடம். செல்வமலரை அடித்தேன், கத்தியால் குத்தினேன். கட்டிய மனைவிக்கு அதைச் செய்தேன் என்பதை மறுக்கவில்லை. ஆனால் கொல்லத்தான் நினைத்தேன் என்று முடிவுகட்டியது அன்று அவள் பொலிஸை அழைத்தபோது பதிவான ஒலிப்பதிவில் நான் சொல்லும் ஒரு வசனத்தை வைத்து. “இண்டைக்கு உன்னைக் கொன்றுபோடுவன்.” மொழிபெயர்ப்பாளர் அதை நோர்வேஜிய மொழியில் வாசித்தபோது நீதிமன்றில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்கா, அம்மா அதை எத்தனை தரம் சொல்லியிருப்பா? பால் பொங்கி வழிந்தால் கொன்றுபோடுவன். பனிச் சப்பாத்தோடு உள்ளே வந்தால் கொன்றுபோடுவன். அம்மாவை யாராவது உள்ளே போட்டார்களா? எனக்கு அன்று கோபத்தில் கண்ணே தெரியவில்லை. என்ன செய்கிறேன் என்ற நினைவே இல்லை. அந்த நேரம் வாயில் வந்த பேச்சு அது.

மேன்முறையீடு பெப்ரவரியில். சகோதரி என்பதால் முதல் வழக்கில் சாட்சி சொல்லாமல் விலகிக்கொண்டீர்கள். சட்டம் தந்த உரிமை, எனக்குக் கோபமில்லை. இந்த முறை வாருங்கள். அவளுடைய அழைப்புக்குப் பதில் சொன்னவரே நீங்கள். அது எங்கள் வீடுகளில் சும்மா சொல்லுகிற பேச்சு என்று நீங்கள் சொன்னால் நம்புவார்கள். என் சட்டத்தரணியும் அதைத்தான் சொல்கிறார்.

மகள் யாழுக்கு என் முத்தம். தமிழ்ப் பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறாளா?

உங்கள் அன்புத் தம்பி
திலக்சன்

* * *

அம்மருட், ஒஸ்லோ
26 ஒக்டோபர் 2025

அன்பான தம்பி திலக்சனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தோளுக்கு அங்குள்ள வைத்தியரிடம் திரும்பத் திரும்பச் சொல். ஒரு தரம் சொல்லிவிட்டு இருக்கிற பழக்கம் உனக்கு.

யாழ் பள்ளிக்குப் போகிறாள். சனிக்கிழமைகளில் பின்னேரம் வரை என்னோடு இருப்பாள். முன் பல் இரண்டும் விழுந்து முளைத்துவிட்டன. செல்வமலர் தேறிவிட்டா. நெஞ்சுக் காயம் ஆறிவிட்டது. உன் கத்தியைத் தடுத்துப் பிடித்த இடக்கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. பிள்ளைக்குப் பின்னல் போட வராது என்று சனிக்கிழமைகளில் என்னிடம் விடுகிறா.

அந்த அழைப்பைப் பற்றி எழுதினாய். ஒலிப்பதிவு திறந்த மன்றில் போடப்பட்டதால் நானும் எழுதலாம் என்று நினைக்கிறேன். எங்கள் கடிதங்களை அங்கே யாரும் வாசித்தால் வாசிக்கட்டும்.

எங்கள் வேலை எப்படி என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நான் அழைப்பவரோடு கதைத்தபடியே தட்டச்சு செய்வேன். எழுதுவது அப்படியே பக்கத்து மேசையில் பொலிஸ் வண்டிகளோடு வானொலியில் கதைக்கும் எம்மாவின் திரையில் விழும். நான் கதைத்து முடிக்கும்வரை அவள் காத்திருப்பதில்லை. விலாசம் விழுந்த உடனே வண்டியை அனுப்பிவிடுவாள். ‘கத்தி’ என்று எழுதினால் பின்னால் இருக்கும் பொறுப்பதிகாரி, பொலிஸார் ஆயுதம் எடுக்க அனுமதி கொடுப்பார். அம்புலன்ஸ் மையத்தையும் அதே தொடர்பில் இணைத்துவிடுவோம். நான் மட்டும் அழைப்பவரை விட்டு விலகக் கூடாது.

அன்று பட்டப்பகல். செல்வமலர் குளியலறைக்குள் பூட்டிக்கொண்டு பொலிஸ் அவசர இலக்கம் 112ஐ அழுத்தினா. யார் எடுப்பார்கள் என்று அவவுக்கு எப்படித் தெரியும்? முதலில் நோர்வேஜிய மொழியில் தடுமாறினா. என் குரலைக் கேட்டதும், “மச்சாள், நீங்களோ? கதவை உடைக்கிறார் மச்சாள்,” என்றா. நான் எம்மாவுக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

எம்மா பார்த்தாள். “ஆளைத் தெரியுமா?”

“என் தம்பி.”

“வேறு ஆளிடம் மாற்றட்டுமா?”

“வேண்டாம். இப்போது அவ தமிழில்தான் கதைக்கிறா.”

கைபேசியை அழுக்கு உடுப்புக் கூடைக்குள் மறைத்து வைக்கச் சொன்னேன். அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. அடிக்கிறவன் பொலிஸ் தொடர்பில் இருக்கிறது என்று கண்டால் முதலில் நொறுக்குவது தொலைபேசியைத்தான். பிறகு எனக்கு ஒன்றும் கேட்காது. கேட்காவிட்டால் படியேறி வருகிற பொலிஸாருக்கு ஒன்றும் சொல்ல முடியாது.

கதவுப் பலகை பிளக்கிற சத்தம் கேட்டது. அவவின் தலை கழுவுதொட்டியில் இடிபட்ட சத்தமும் கேட்டது. நீ மூச்சு வாங்கிய சத்தமும் கேட்டது. நான் அதையெல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன், தம்பி.

அம்மா அப்படிச் சொல்லுவா என்பது உண்மை. அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடாதே. உனக்காகத்தான் சொல்கிறேன்.

அன்புடன்
அக்கா

* * *

சிறைச்சாலை
9 நவம்பர் 2025

அக்கா,

மூன்று தரம் வாசித்தேன். உங்கள் வேலையைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறீர்கள். நான் கேட்டது அதுவா?

உங்கள் மேசையில் இருந்து “டேய் திலக்சன்” என்று ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்லியிருந்தால் நான் கத்தியைக் கீழே போட்டிருப்பேன். சொல்லவில்லை. தட்டச்சு செய்தீர்களாம். கத்தி என்று எழுதித் துவக்கோடு ஆட்களை அனுப்பினீர்கள். நீங்கள் எனக்கு அக்காவா, பொலிஸுக்கு அக்காவா?

அம்மா சொன்னது உண்மை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த உண்மையை மன்றில் வந்து சொல்ல என்ன தடை? செல்வமலர் தடுக்கிறாளா? அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? விலாசத்தைத் தாருங்கள், நானே எழுதிக் கேட்கிறேன். என் பிள்ளையின் தலையை நீங்கள் பின்னுகிறீர்கள், நான் படத்தில்கூடப் பார்க்க முடியாது. இது என்ன நியாயம்?

எட்டு வருடமும் ஒருநாள் முடியும். எங்கள் வீடு இருந்த புருசெத்துக்கு நான் திரும்பி வரத்தான் போகிறேன். அன்றைக்கு யார் யார் பக்கம் நின்றது என்று எல்லோருக்கும் தெரியவரும்.

சட்டத்தரணி சாட்சிப் பட்டியலில் உங்கள் பெயரைப் போட்டுவிட்டார். வருகிறேன் என்று ஒரு வரி எழுதுங்கள். போதும்.

திலக்சன்

* * *

அம்மருட், ஒஸ்லோ
30 நவம்பர் 2025

தம்பி திலக்சனுக்கு,

வருகிறேன்.

விலாசம் தரமாட்டேன். இனிமேல் கேட்காதே.

உனக்கு உடனே பதில் எழுதவில்லை. வேலைக்குப் போய்வந்தேன். பியோர்ண்டாலில் இருந்து ஒரு பெண், கணவன் மகனைப் பிடித்துச் சுவரில் அடிக்கிறான் என்று அழைத்தா. வேறு மொழி, வேறு வீடு. பொலிஸ் போய்ச் சேர்ந்தது. பிறகு என்ன ஆனது என்று தெரியாது. எங்களுக்கு முடிவு தெரிவதே இல்லை. உன் வீட்டு அழைப்பின் முடிவு மட்டும்தான் எனக்குத் தெரியும்.

மன்றில் நான் என்ன சொல்லுவேன் என்பதை முன்கூட்டியே உனக்குச் சொல்லிவிடுகிறேன். ‘கொன்றுபோடுவன்’ என்பது எங்கள் வீட்டில் சாதாரணமாகப் புழங்கும் பேச்சு என்று சொல்லுவேன். அது உண்மை. அதோடு அவர்கள் நிறுத்தமாட்டார்கள். “வேறு என்ன கேட்டது?” என்று கேட்பார்கள். சத்தியம் செய்து நின்றபின் நான் பாதி சொல்ல முடியாது.

ஒலிப்பதிவில் ஓரிடத்தில் மொழிபெயர்ப்பாளர் ‘தெளிவில்லை’ என்று எழுதியிருக்கிறார். உடுப்புக்குள் கிடந்த தொலைபேசி, செல்வமலரின் அழுகை. அந்நியருக்கு அது தெளிவில்லைதான். உன்னைத் தூக்கி வளர்த்த எனக்குத் தெளிவு. நீ கதவில் அடிப்பதை நிறுத்தினாய். கத்தவில்லை. பிள்ளையோடு கதைக்கிற குரலில் சொன்னாய்: “யாழ், ரீவீச் சத்தத்தை நல்லாக் கூட்டு.”

“ஏனப்பா?”

“கூட்டு பிள்ளை.”

“ஓம் அப்பா.”

ஏதோ சிறுவர் நிகழ்ச்சிப் பாட்டு பெரிதாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் நீ அந்த வசனத்தைச் சொன்னாய். அதற்குப் பிறகுதான் கதவு விழுந்தது.

கண் தெரியாத கோபம் என்று எழுதினாய். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாது என்று நினைக்கிற அளவுக்கு உனக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இதை நான் விசாரணைக்காரரிடம் சொல்லவில்லை. அக்கா என்ற உரிமையைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றேன். அதனால்தான் கூப்பிடாதே என்றேன்.

ஒன்று எழுதாமல் விட மனம் இல்லை. போன சனிக்கிழமை தலை பின்னும்போது யாழ் கேட்டாள்: “மாமி, நான் சத்தம் கூட்டினதாலையோ அம்மா கத்தினது ஒருத்தருக்கும் கேக்கேல்லை?”

இவ்வளவு மாதமும் அதை ஒருவரிடமும் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறாள். “எனக்குக் கேட்டது பிள்ளை, நான்தான் பொலிஸை அனுப்பினனான்,” என்றேன். அவள் நம்பவில்லை.

அக்கா
தர்மினி

* * *

சிறைச்சாலை
14 டிசம்பர் 2025

அக்கா,

மேன்முறையீட்டை விலக்கிக்கொண்டேன். சட்டத்தரணி காரணம் கேட்டார். நான் சொல்லவில்லை. நீங்கள் மன்றுக்கு வரத் தேவையில்லை.

யாழிடம் சொல்லுங்கள், சத்தம் கூட்டச் சொன்னது அப்பா. ஏன் சொன்னேன் என்று அப்பாவுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னால் நம்பமாட்டாள் என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். என் கையெழுத்து அவளுக்குத் தெரியும். பள்ளிக் கொப்பிகளில் அவளுடைய பெயரை நான்தான் எழுதிக்கொடுப்பேன்.

பெரிய எழுத்தில் கீழே எழுதுகிறேன். தமிழ் வாசிப்பாள்தானே.

யாழ், அது உன் பிழை இல்லை. அப்பாவின் பிழை.

காட்டிய பிறகு இதைக் கிழித்துவிடுங்கள். எனக்குப் பதில் எழுத வேண்டாம்.

திலக்சன்