தண்ணின்னு சொன்னா தண்ணிதான்

அக்கா,

வீடு பூராவும் பாச்சை உருண்டை வாசனை. முந்தாநாள் சாயங்காலம் என் பொண்ணு பீரோவில் துணிக்கு அடியில் கையை விட்டு அந்தச் சால்வையை வெளியே இழுத்தாள். மெரூன் நிறம், ஓரத்தில் ஜரிகை. கடைக்காரன் மடித்துக் கொடுத்த மடிப்புகூட இன்னும் கலையவில்லை. அதைத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று, "எப்படிம்மா இருக்குது?" என்று கேட்டாள். அந்தச் சால்வை உன் தோளுக்கு வந்திருக்க வேண்டியது என்று உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். மிச்சம் நான் ஒருத்தி.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து சொல்கிறேன். சொல்லாமல் சொல்லாமல் இருந்துதான் இந்த லட்சணத்தில் வந்து நிற்கிறேன்.

கும்மிடிப்பூண்டி கம்பெனியில், வண்டிகளுக்கு ஒயர் கட்டுகிற லைனில், நீயும் நானும் பக்கத்துப் பக்கத்து இடம். இவளைப் பெற்ற மூன்றாம் மாதமே நான் வேலைக்குத் திரும்பியிருந்தேன். உடம்பு என் பேச்சைக் கேட்கவில்லை. தும்மினால் பயம், சிரித்தால் பயம். பாத்ரூம் போக வேண்டுமென்றால் லைன் லீடரிடம் கேட்க வேண்டும், அவர் மாற்று ஆளை அனுப்ப வேண்டும், அப்புறம்தான் நகரலாம். அன்றைக்கு யாரோ பெரிய ஆட்கள் லைனைப் பார்க்க வருகிறார்கள் என்று ஒருத்தரையும் நகர விடவில்லை. நான் இரண்டு தடவை கேட்டேன். "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா" என்றார். பண்ணிக்கொண்டேன். பண்ணிக்கொள்ள முடிகிற மட்டும் பண்ணிக்கொண்டேன்.

கால் வழியே சூடாக இறங்கியது. பின்னால் பையன்கள் டிராலி தள்ளிக்கொண்டு வருகிற சத்தம் கேட்டது. செத்துப்போய்விடலாம் போலிருந்தது, அக்கா. நீ அப்போது புது வாட்டர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் வைக்கப் போனாய். என் முகத்தைப் பார்த்தாய். கீழே பார்த்தாய். அவ்வளவுதான், கேன் என் காலடியில் விழுந்து மூடி தெறித்தது. தண்ணீர் நம் இரண்டு பேர் மேலும் அடித்து, தரையெல்லாம் ஓடியது.

"கண்ணு இன்னா பொடனியிலயா இருக்குது?" என்று லைன் லீடர் கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"கை வழுக்கிக்கிச்சு சார். தோ, இவளையும் சேர்த்து நனைச்சிட்டேன். போய் மாத்திக்கினு வந்துடறோம்" என்று சொல்லி, அவர் பதில் பேசுவதற்குள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாய்.

உடை மாற்றுகிற அறையில் நான் தேம்பித் தேம்பி அழுதேன். நீ என் தலையில் ஒரு தட்டு தட்டினாய். "கம்முனு இருடி. தண்ணிதான். தண்ணின்னு சொன்னா தண்ணிதான்." லைனை நிறுத்தியதற்காக உனக்கு மெமோ கொடுத்தார்கள். அதைப் பற்றி நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

மறுநாளிலிருந்து ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டாய். புதுவாயல் கூட்டு ரோட்டில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும்போது என் காதோரம் வந்து, "போய்ட்டு வந்துட்டியா?" என்று கேட்பாய், பாத்ரூமுக்குத்தான். மழையோ வெயிலோ, நமக்குள் சண்டையோ, அந்தக் கேள்வி மட்டும் தப்பாது. சில நாள் எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும்.

"இன்னும் எத்தினி வருசத்துக்குக்கா கேட்டுக்கினே இருப்பே?"

"நீ கிழவியாவற வரைக்கும். அப்பதான்டி ரொம்பத் தேவைப்படும்."

இவள் வளர்ந்து பல்கலைக்கழகத்தில் சேர்ந்தாள். முதல் வருஷமே அங்கே ஒரு கதை சொல்லும் மாலை வைத்தார்கள். சுற்று வட்டாரத்து ஜனங்கள் மேடையேறித் தங்கள் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும், மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். இவளுடைய பேராசிரியை ஆள் கேட்டதற்கு இவள் என்னைக் கூப்பிட்டாள். எனக்கு மைக்கைப் பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். பஸ் பூராவும் சிரிக்க வைக்கிற உன்னைக் கூட்டிக்கொண்டு போனேன். பெரியபாளையத்து அம்மனுக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டர் தலை மேல் ஏறிய கதையைச் சொல்வதாக நீ வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாய்.

ஹால் வாசலில் என் பொண்ணு தன் சிநேகிதிகளிடம் என்னைக் காட்டி, "எங்கம்மா. கம்பெனில சூப்பர்வைசர்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஒயர் கட்டுகிறவள் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நீ குனிந்து செருப்பு வாரைச் சரி செய்கிற மாதிரி இருந்தாய். உன் காதில் விழவில்லை என்றே நினைத்தேன். உன் காதைப் பற்றித் தெரிந்தும் அப்படி நினைத்தேன் பார்.

பழவேற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் ஏரியில் வலை அறுந்த கதையைச் சொன்னார். காட்டுப்பள்ளியில் கிரேன் ஓட்டுகிற ஒருவர் உச்சியில் உட்கார்ந்து முதல் நாள் அழுததைச் சொன்னார். அடுத்தது நீ. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாய்.

"சேவல் கதை சொல்லலாம்னுதான் வந்தேன். அத்த வுடுங்க. எனக்கு ஒரு பொண்ணு பண்ணத சொல்றேன்" என்று ஆரம்பித்தாய். "எனக்கு அப்ப சின்னவன் பொறந்து மூணு மாசம். லைன்ல நிக்கறேன், வுட மாட்டேன்றாங்க. நின்ன எடத்துலயே ஒண்ணுக்குப் போய்ட்டேன்."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சிரி ராஜா, சிரி. இப்ப நானே சிரிக்கறேன். அன்னிக்கு மட்டும் சிரிச்சிருந்தே, நான் செத்திருப்பேன்" என்றாய். அப்புறம் கேன் விழுந்தது, லைன் லீடர் கத்தினார், பக்கத்தில் நின்றவள் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எல்லாம் நடந்தபடியே சொன்னாய், ஆட்களை மட்டும் மாற்றிப் போட்டாய். கடைசியில் கையை நீட்டினாய்.

"அந்தப் பொண்ணு தோ, அங்க குந்திக்கினு இருக்குது."

மொத்த ஹாலும் திரும்பியது. என் பொண்ணு என் தோளைப் பிடித்துக்கொண்டு, கண்ணெல்லாம் தண்ணியாக, "அம்மா, நீயாம்மா?" என்றாள். அவள் என்னை அப்படி ஒரு நாளும் பார்த்ததில்லை. இல்லை என்று சொல்ல எத்தனை நேரம் வேண்டும்? வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்தது. பேராசிரியை மேடைக்கு அழைத்துச் சால்வை போர்த்தினார். நீதான் முதலில் கை தட்டினாய்.

வீட்டுக்கு வருகிற வழியில் உன்னிடம் சண்டை பிடித்தேன். "ஏங்க்கா இப்படிப் பண்ணே?"

"இன்னாடி பேஜாரு பண்றே? கதைதானே. யாரு நனைஞ்சா இன்னா?" என்றாய். அப்புறம், "எனக்கு ரெண்டும் பசங்க. நான் நனைஞ்சாலும் கேக்காதுங்க, காஞ்சாலும் கேக்காதுங்க. உனக்கு பொண்ணு. அதும் மொகத்தப் பாத்தியா இன்னிக்கு?" என்றாய்.

பார்த்தேன். அந்த முகத்துக்காகத்தான் வாயை மூடிக்கொண்டேன். அதைத் தியாகம் மாதிரி எனக்கு நானே சொல்லிக்கொண்டதுதான் பெரிய கேவலம்.

நீ பேசியதை யாரோ வீடியோ எடுத்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அது கம்பெனிக்கு வந்துவிட்டது. கேன்டீனில் பையன்கள் உனக்கு 'கேன் அக்கா' என்று பேர் வைத்தார்கள். "கேன் அக்கா வருது, தரையப் பாத்து நடங்கடா" என்று ஒருத்தன் சொல்ல, மேஜை பூராவும் சிரித்தது. நீ விடுகிற ஆளா? "உன்னப் பெத்ததுக்கு அப்புறம் உங்கம்மாவும் இப்படித்தான்டா இருந்திருப்பா. ஊட்டுக்குப் போய்க் கேளு" என்றாய். அவன் தலையைக் குனிந்துகொண்டான். நான் உன் பக்கத்திலேயே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டிருந்தேன். திறந்த பாக்ஸையே திரும்பத் திரும்பத் திறந்துகொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்.

போன மழைக்கு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்கு ஒவ்வொரு தடவை வரும்போதும், இன்றைக்கு உன் காலைப் பிடித்து அழுதுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வருவேன். நீ அந்த நிலைமையிலும், "போய்ட்டு வந்துட்டியாடி? இங்க பாத்ரூம் நாறுது, கிட்டப் போவாதே" என்பாய். நான் சிரித்துவிட்டு ஹார்லிக்ஸ் கலக்குவேன்.

உன் சாவு வீட்டில் நடந்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. உன்னைக் கிடத்தியிருந்தார்கள். மாலையோடு வந்த ஒரு பெண் இன்னொருத்தியிடம் மெதுவாகக் கேட்டாள், "யாரு, லைன்லயே ஒண்ணுக்குப் போனாங்கன்னு வீடியோ வந்துதே, அவங்களா?" மற்றவள், "ஆமா, பாவம்" என்றாள். நான் உன் கால்மாட்டில் இருந்தேன். என் பொண்ணு என் பக்கத்தில் இருந்தாள். எழுந்து நின்று, அது நான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உன்னால் இனிமேல் தடுக்கக்கூட முடியாது. ஆனாலும் சொல்லவில்லை, அக்கா.

இந்த வருஷம் மாணவர்களும் கதை சொல்லலாமாம். முந்தாநாள் சால்வையைப் போட்டுக்கொண்டு இவள் ஒத்திகை பார்த்தது எந்தக் கதை என்று உனக்குச் சொல்ல வேண்டுமா? "எங்கம்மா அந்தக் கேனைக் கீழ போட்டப்போ ஒரு செகண்டுகூட யோசிக்கல" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"நனைஞ்சது நான்டி" என்றேன். "கேன் போட்டது அவங்க."

புரிந்துகொள்ள அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கட்டிலில் உட்கார்ந்தாள். எனக்கு நடந்ததற்கு அவள் முகம் சுளிக்கவே இல்லை. வேறொன்றைக் கேட்டாள்.

"சாவு வீட்டுல அந்தப் பொம்பளைங்க பேசினாங்களே, அப்பவும் சும்மாவா இருந்தே?"

"ஆமா."

"ஏம்மா?"

"நீ அன்னிக்கு என்னப் பாத்தியே, அந்தப் பார்வை போயிடும்னு."

அவள் சால்வையைக் கழற்றி, பழைய மடிப்பிலேயே மடித்து என் மடியில் வைத்தாள். "போயிடுச்சு" என்றாள். கொஞ்சம் கழித்து, "நாளைக்கு என் இடத்துல நீ பேசு" என்றாள். அன்றைக்கு ராத்திரி என்னோடு சாப்பிடவில்லை.

நேற்று பேசினேன். மைக்கை உன்னைப் போலவே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். நாக்கு ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. நனைந்தது நான் என்றேன். நீ ஏன் மாற்றிச் சொன்னாய் என்பதை, என் பொண்ணு சூப்பர்வைசர் என்று சொன்னதை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன். கேன்டீனைச் சொன்னேன், சாவு வீட்டைச் சொன்னேன். புதுவாயலில் தினமும் நீ கேட்ட கேள்வியையும் சொன்னேன். முடித்தபோது யாரும் கை தட்டவில்லை. பேராசிரியை புதுச் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்து வருவதா வேண்டாமா என்று நின்றார். நான் கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கி வந்தேன்.

பழைய சால்வையை உன் வீட்டுக்காரரிடம் கொடுக்க ஒரு பையில் போட்டு வைத்திருக்கிறேன். என்ன சொல்லிக் கொடுப்பது என்று இன்னும் தெரியவில்லை. இந்த வெட்கம் என்னோடுதான் இருக்கும். அது எனக்கு வர வேண்டியதுதான், கூட்டிக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும். ஹாலை விட்டு இறங்கி பஸ் ஸ்டாப் வரைக்கும் என் பொண்ணு என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான்கடி முன்னாலேயே நடந்தாள். தூரத்தில் பஸ் வருவது தெரிந்ததும் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மெதுவாகக் கேட்டாள்.

"போய்ட்டு வந்துட்டியாம்மா?"