இடது கைக் கிழிசல்

அன்புள்ள மகனுக்கு,

நானும் அப்பாவும் நலம். நீ நலமா என்று வழக்கமாக அடுத்த வரியிலேயே கேட்பேன், இந்தத் தடவை அதைக் கடைசிக்குத் தள்ளி வைக்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து நீ விடாமல் போன் செய்து உன் பெண்டாட்டி அங்கே வந்தாளா என்று கேட்கிறாய், அப்பா தெரியாது தெரியாது என்கிறார். அவருக்குப் பொய் சொல்ல வராது, போனை வைத்ததும் குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். அதனால் நானே எழுதுகிறேன். போனில் என்றால் நீ குறுக்கே பேசுவாய், காகிதத்தில் அது நடக்காது. அவள் எங்கே இருக்கிறாள் என்று இந்தக் கடிதத்திலேயே சொல்கிறேன், ஆனால் என் போக்கில்தான் சொல்வேன், கடைசிப் பக்கத்துக்குத் தாவாமல் வரிசையாகப் படி.

நம் முன்னறையில் ஞாயிற்றுக்கிழமை தையல் வகுப்பு நடத்துகிறேன் என்று உனக்குத் தெரியும். யாரும் பிழைப்புக்காக வருகிறவர்கள் இல்லை, எல்லாம் பொழுதுபோக்குதான். பல் டாக்டரம்மா இரண்டு மாதமாகச் சூடான பாத்திரம் பிடிக்கும் துணி ஒன்றைத் தைப்பதும் பிரிப்பதுமாக இருக்கிறாள், வாய்க்குள் அத்தனை நுணுக்கமாக வேலை செய்கிற கைக்கு ஒரு நேர்கோடு வரவில்லை. ஓய்வு பெற்ற பஸ் டிரைவர் ஒருவர், டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம், மிஷினில் உட்கார்ந்தால் வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்காத குறை. அப்புறம் மருந்துக்கடையில் வேலை செய்யும் பெண் ஒருத்தி, உன் பெண்டாட்டி வயதுதான் இருக்கும், வந்தால் வாயே திறக்க மாட்டாள், தையல் மட்டும் அச்சு அடித்த மாதிரி இருக்கும். எல்லாருமாகச் சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை ஒன்று தைத்துக்கொண்டிருந்தோம். மேலே சதுரம் சதுரமாக ஒட்டிய துணி, நடுவில் பஞ்சு, அடியில் கெட்டித் துணி. மூன்றும் நகராமல் இருக்க முதலில் ஊக்குப் போட்டு வைத்துவிட்டுத்தான் தைக்க வேண்டும். ஊக்கு தீர்ந்துபோனதால் குண்டூசியைக் கொடுத்தேன். முனை பஞ்சுக்குள்ளே புதைகிற மாதிரி குத்துங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். டிரைவர் அண்ணன் தன் பக்கம் முழுக்க முனையெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி குத்தி வைத்திருந்தார். முள்ளம்பன்றியா வளர்க்கிறீர்கள் என்று திட்டினேன். டீ குடித்துவிட்டு மாற்றிவிடுகிறேன் என்றார். அப்பா டீ எடுத்துவர உள்ளே போனார்.

அப்போதுதான் அந்த மருந்துக்கடைப் பெண்ணின் புருஷன் வந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான், செருப்பை வாசலில் ஒழுங்காகக் கழற்றி வைத்தான், தொந்தரவுக்கு மன்னிக்கணும் அம்மா என்றான். அந்தச் சிரிப்பு மாறாமலே அவள் கையைப் பிடித்து இழுத்தான். சட்டைக் கை கிழிகிற சத்தம் அந்த அறை முழுக்கக் கேட்டது. வர்றேன் போங்க என்று அவள் மெதுவாகச் சொன்னாள். சொன்ன வாயிலேயே முஷ்டியால் குத்தினான். அவள் தலை மிஷின் சக்கரத்தில் மோதியது, ரத்தம் மேசையில் தெறித்தது, அவன் மறுபடியும் குத்தினான். நாங்கள் மரம் மாதிரி நின்றோம்டா. அதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் மேசைக்கு அடியில் புகுந்துகொண்டாள். மேசை மேலே விரித்திருந்த போர்வை தரைவரைக்கும் தொங்கியதால் அவள் தெரியவில்லை. அவன் அதை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து வெடுக்கென்று இழுத்தான். பிடித்தது டிரைவர் அண்ணனுடைய பக்கம்.

அவன் போட்ட அலறல் தெருக்கோடிவரை கேட்டிருக்கும். உள்ளங்கையில் ஏறிய ஊசி புறங்கையில் முனை காட்டியது. உதற உதறப் போர்வையும் கூடவே வந்தது. ஒரு கையைப் பிய்த்துக்கொண்டு என் பெரிய கத்தரியை எடுத்தான், காகிதம் வெட்டினால் மழுங்கிவிடும் என்று உன்னைக்கூட நான் தொட விட்டதில்லையே, அதே கத்தரி. அதோடு மேசைக்கு அடியில் குனிந்தான். தையலை அழுத்த இஸ்திரிப் பெட்டி சூடாக இருந்தது. நான் அதைத் தூக்கி அவன் மணிக்கட்டில் இறக்கினேன். எலும்பு மளுக்கென்றது. தோல் கருகுகிற வாசனை வந்தது. கத்தரி விழுந்த பிறகும் எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன். பல் டாக்டரம்மாதான் போதும் அக்கா போதும் என்று என் தோளைப் பிடித்து இழுத்தாள். போலீஸ் வரும்வரை டிரைவர் அண்ணன் அவன் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தார். அப்பா டீத் தட்டோடு உள்வாசற்படியிலேயே நின்றார், ஒரு சொட்டு சிந்தவில்லை, அதை இன்றுவரை பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். அவன் இப்போது உள்ளே இருக்கிறான். அந்தப் பெண்ணுக்கு இரண்டு பல் போய்விட்டது, தன் அக்கா வீட்டில் இருக்கிறாள், டாக்டரம்மா பல் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அந்தப் பெண்ணின் சட்டையைத் தைத்துக் கொடுக்க உட்கார்ந்தேன். துணி பழசாகிக் கிழிந்தால் தையல் ஓரம் நைந்து, நூல் விட்டுப்போய்த்தான் கிழியும். இதில் நூல் அப்படியே இருக்கிறது, பக்கத்தில் நல்ல துணி குறுக்கே கிழிந்திருக்கிறது. மனிதக் கை பிடித்து இழுத்தால்தான் அப்படிக் கிழியும். அதை முடித்துவிட்டு, போர்வையில் ரத்தம் பட்ட சதுரங்களைப் பிரித்தேன், மாற்றுத் துணி வேண்டியிருந்தது. போன மாதம் உன் பெண்டாட்டி போர்வைக்கு என்று பழைய உடுப்புகளைப் பார்சலில் அனுப்பியிருந்தாளே, அதை அப்போதுதான் அவிழ்த்தேன். நீலச் சட்டையில் அதே கிழிசல். உள்பக்கமிருந்து வெளியே தெரியாமல் தைத்திருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த தையல். பச்சையிலும் அதே கிழிசல். நாங்கள் அவள் பிறந்தநாளுக்கு எடுத்துக்கொடுத்த மஞ்சளிலும் அதே கிழிசல். மூன்றும் இடது கை. எதிரே நிற்கிறவன் வலது கையை நீட்டினால் அவன் கைக்கு அகப்படுவது அதுதான். நீ வலது கைக்காரன்.

அவள் வேலை செய்யும் இடத்துக்குப் போன் போட்டேன். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன், உங்கள் வீட்டில் இடது சட்டைக் கையை மட்டும் பிடித்து இழுக்கிற தாழ்ப்பாள் எதும்மா என்று. நான் அங்க வந்துடட்டுமா அத்தை என்று கேட்டாள். பெற்ற வயிறு எரியும் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு எரிந்தது.

அவள் இங்கேதான் இருக்கிறாள். இப்போது எனக்கு எதிரே உட்கார்ந்து போர்வைக்குக் கரை தைத்துக்கொண்டிருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் படித்து, சரி என்ற பிறகுதான் ஒட்டுவேன். போலீசில் எழுதிக் கொடுப்பதா, உன்னோடு பேசுவதா, பேசாமலே இருப்பதா எல்லாம் அவள் முடிவு, நான் வாயைத் திறக்கப் போவதில்லை. அவள் என்ன சொன்னாலும் அவள் பின்னால் நிற்கப் போகிறேன். கோபத்தில் கை நீண்டுவிட்டது, வேலையில் தொல்லை, அவளும் எதிர்த்துப் பேசினாள் என்றெல்லாம் எனக்குப் பதில் எழுதாதே. அந்த மருந்துக்கடைப் பெண்ணின் புருஷனும் போலீசிடம் அதைத்தான் சொன்னான்.

கடைசிக்குத் தள்ளி வைத்ததை இப்போது கேட்கிறேன், நீ நலமா. நலமில்லை என்று எனக்குத் தெரியும், அதற்கு டாக்டர்கள் இருக்கிறார்கள், போய்ப் பார். வேளைக்குச் சாப்பிடு. உன் புத்திக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, உன் கைக்கு இல்லை. அவள் வா என்று கூப்பிடாமல் இந்த வாசலுக்கு வராதே, இதை மறக்காதே. அந்த இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியதிலிருந்து எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. அந்த மணிக்கட்டு என் பிள்ளையுடையதாக இருந்திருந்தால் இறக்கியிருப்பேனா என்று படுத்துப் படுத்து யோசித்தேன். இறக்கியிருப்பேன்டா. அழுதுகொண்டே இறக்கியிருப்பேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற
அம்மா