உங்கள் பெயரில் நான் நடந்த தூரம்

பாய்,

இன்று காலை மருந்துக் கடையில் ஓம வாட்டர் வாங்கி, அங்கேயே மூடியைத் திருகி இரண்டு வாய் குடித்தேன். அந்தக் கார வாசனை மூக்கில் ஏறியதும், நீங்கள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. மேசை டிராயரில் எப்போதும் ஒரு பாட்டில் வைத்திருப்பீர்கள். "வாயுதான் தம்பி, வேற ஒண்ணுமில்ல" என்பீர்கள். ஒரு வாரமாக நானும் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மாடிப்படி ஏறினால் நடு நெஞ்சு எரிகிறது, இடது தோள் கனக்கிறது. பயமாக இருக்கிறது பாய்.

நான் பயந்தாங்கொள்ளி என்பது உங்களுக்குத் தெரியாததா? நம் விதைக் கம்பெனியின் தஞ்சாவூர் கிளையில் போன வருஷம் பொங்கல் முடிந்த கையோடு இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பினார்களே, அன்றைக்கே எனக்குச் சோறு இறங்கவில்லை. "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று கிண்டல் செய்தீர்கள். அப்புறம் மெட்ராஸ் ஆபீஸிலிருந்து நடைத் திட்டம் வந்தது. நம் ஆரோக்கியத்தில் திடீரென்று அப்படியொரு அக்கறை. கம்பெனி கொடுத்த போனிலேயே ஆப் ஏற்றி, யார் எத்தனை அடி நடந்தார்கள் என்று சாயங்காலம் ஐந்து மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் பட்டியல் போட்டார்கள். நன்றாக நடந்தவர்கள் பச்சையில், கடைசி மூன்று பேர் சிவப்பில். முதல் மாதமே நீங்கள் சிவப்பு. அடுத்த ஆட்குறைப்பு சிவப்புக்காரர்களுக்குத்தான் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. நிஜமா என்று கேட்க ஒருவருக்கும் தைரியமில்லை.

ஐம்பத்தாறு வயதில், முட்டி வலியோடு, பாபநாசத்திலிருந்து தினமும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போகிற மனுஷன் எப்போது வாக்கிங் போவது? அந்த யோசனை என்னுடையதுதான். "ஆபீஸ் போனை எங்கிட்ட குடுத்துட்டுப் போங்க பாய். நான் நடக்கும்போது அதுவும் கூட வரட்டும்" என்றேன். "ஒருத்தருக்காக இன்னொருத்தர் நோன்பு புடிக்க முடியாது தம்பி. நடைய மட்டும் நடந்துடலாமா?" என்று சிரித்துவிட்டு, நீங்கள் போனை நீட்டினீர்கள்.

அதிலிருந்து தினமும் விடியற்காலையில் புது ஆற்றங்கரையில், பேண்ட்டின் இரண்டு பாக்கெட்டிலும் ஒவ்வொரு போனோடு நடந்தேன். ஒரே மாதத்தில் நீங்கள் பச்சைக்கு ஏறிவிட்டீர்கள். மெட்ராஸிலிருந்து பாராட்டு வந்தது. அசோகா அல்வா வாங்கிவந்து எல்லோருக்கும் கொடுத்தீர்கள். எனக்கு மட்டும் இரண்டு பங்கு வைத்து, "நடந்த காலுக்கு" என்று காதோரம் சொன்னீர்கள்.

ஆற்றில் தண்ணீர் திறந்துவிட்ட வாரம் அது. மத்தியானம் உங்களுக்கு வேர்த்துக் கொட்டியது. என் வண்டியிலேயே கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் நாடி பார்த்தார், "வாக்கிங் போறீங்களா?" என்றார். நீங்கள் போனைத் திறந்து காட்டினீர்கள். ஒரு மாதக் கணக்கும் அதில் இருந்தது. "இவ்வளவு நடந்தும் நெஞ்சு வலி வரலைன்னா ஹார்ட் நல்லாத்தான் இருக்கு. கேஸ் டிரபிள்" என்று மாத்திரை எழுதினார். நான் உங்கள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். அது என் நடை என்று சொல்ல வாய் வரை வந்தது. விஷயம் வெளியே போனால் இரண்டு பேர் வேலையும் போகுமே என்று முழுங்கிவிட்டேன். பாவி நான், நீங்களாவது சொல்வீர்கள் என்று இருந்தேன். ஒருவேளை நீங்களும் அந்த எண்ணை நம்பத் தொடங்கியிருந்தீர்களோ என்னவோ.

பதினோராம் நாள் காலையில் பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் விழுந்தீர்கள். சேதி கேட்டு ஓடிவந்தேன். உங்களை அடக்கம் செய்ய எடுத்துப்போன ஜனாஸாவுக்குப் பின்னால் மையவாடி வரை நடந்தேன். இரண்டு போனும் பாக்கெட்டில் இருந்தது எனக்கு நினைவே இல்லை. ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது. முதல் பெயர் உங்களுடையது, பச்சையில். மெட்ராஸில் யாரோ விவரம் தெரியாமல் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள். மையவாடிச் சுவரோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

வருஷம் ஒன்றாகிவிட்டது. இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. குறுவை விதை விற்பனை முடிந்ததும் இன்னும் மூன்று பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்களாம். மூச்சு வாங்குவதால் நான் நடக்கவில்லை, இரண்டு நாளாகச் சிவப்பில் இருக்கிறேன். இன்று சாப்பாட்டு வேளையில், உங்கள் இடத்தில் இப்போது உட்காரும் கவிதா வந்தாள். "போனைக் குடுங்க சார், சாயங்காலம் நடக்கும்போது எடுத்துட்டுப் போறேன்" என்றாள். நல்ல பெண். நான் உங்களிடம் கேட்ட அதே குரல். எடுத்துக் கொடுத்தும் விட்டேன் பாய். அவள் நாலு எட்டு வைத்ததும் உங்கள் நினைவு வந்தது. கூப்பிட்டுத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் பெர்மிஷன் போட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். "வாக்கிங் போறீங்களா?" என்றார் டாக்டர். எல்லா டாக்டரும் கேட்பதுதான், ஆனாலும் எனக்கு அன்றைய கிளினிக்தான் நினைவுக்கு வந்தது. "முடியல டாக்டர். ஒரு வாரமா நாலு எட்டு வச்சா நெஞ்சு எரியுது, தோள் கனக்குது" என்றேன். அவர் முகம் மாறியது. உடனே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

சட்டையைக் கழற்றி ஸ்டூலில் போட்டுவிட்டுப் படுத்தேன். நர்ஸம்மா நெஞ்சில் ஒயர்களை ஒட்டிக்கொண்டிருக்கும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மணி ஐந்து. என் பெயர் எந்த நிறத்தில் இருக்கிறதோ என்று கை தானாக அந்தப் பக்கம் போனது.

"ஆடாம படுங்க சார்" என்றார்.

கையை இழுத்துக்கொண்டேன் பாய். ரத்தமும் எடுத்திருக்கிறார்கள், ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. போனை இதுவரை எடுத்துப் பார்க்கவில்லை.