பிரகாசம் சிஸ்டர்ஸ் நின்றுபோன காரணம்

மைசூர்,
10 பிப்ரவரி 1946

அன்பு மகள் டோரதிக்கு அப்பா ஆசீர்வாதத்தோடு எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே நானும் அம்மாவும் உன் தங்கைகள் இருவரும் சுகமாக இருக்கிறோம், கராச்சியில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் ஆஸ்பத்திரி வேலைக்குப் போய்வருகிறாய் என்று நம்புகிறேன். உன் கிறிஸ்துமஸ் கடிதம் வந்தது. மணல் காற்று, மெஸ் சாப்பாடு எல்லாம் எழுதிவிட்டு, கோயிலில் பாடக் கூப்பிட்டார்கள், எனக்குப் பாட வராது என்று சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி எழுதியிருந்தாய். அம்மாவுக்குப் படித்துக் காட்டும்போது அந்த வரியை மட்டும் விட்டுவிட்டேன். அம்மாவுக்கு மூட்டுவலி குளிர் போனதும் குறைந்திருக்கிறது. ரேஷன் அரிசியில் கல்தான் அதிகம், இரண்டு பேர் உட்கார்ந்து பொறுக்க வேண்டியிருக்கிறது. தங்கை பெட்டிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, பையன் கோலார் தங்கவயலில் வேலை பார்க்கிறான், நல்ல குடும்பம், ஈஸ்டர் கழிந்து பூசை வைக்கலாம் என்று சாமியார் சொல்லியிருக்கிறார். பிலோமினாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வேலை நிரந்தரமாகிவிட்டது. இதெல்லாம் நல்ல சேதி. இனி எழுதப்போவதை மூன்று வருஷத்துக்கு முன்பே உன் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் மூவர் பாட்டைப் பற்றித்தான். மியூசிக் டீச்சர் வீட்டில் நீ கேட்டுவந்த அமெரிக்க கிராமபோன் தட்டுகளை மனதிலே வைத்துக்கொண்டு நம் தமிழ்ப் பாட்டையும் அதேபோல் மூன்றாகப் பிரித்து, மேலே பெட்டி, நடுவில் பிலோமினா, அடியில் நீ என்று சமையற்கட்டில் நின்று பாடுவீர்கள். பெட்டி சுருதி விலகினால் கரண்டியால் தட்டில் ஒரு தட்டு தட்டுவாய். முதலில் நம் கோயில் கல்யாணங்களில் பாடினீர்கள், பிறகு தசரா எக்ஸிபிஷன் மேடை, பிறகு பெங்களூர் கன்டோன்மென்டில் சோல்ஜர்களுக்காக. பிரகாசம் சிஸ்டர்ஸ் என்று நோட்டீஸ் அடித்து ஒட்டியபோது, ஆபீசுக்குப் போகும் வழியில் சைக்கிளை விட்டு இறங்கி அதைப் படித்தவன் நான். அப்புறம் அந்த கிராமபோன் கம்பெனிக்காரர் கேட்டுவிட்டு, பெங்களூருக்கு வந்து சோதனைக்கு இரண்டு பாட்டுப் பாடச் சொன்னார். நீங்கள் பாடி முடித்ததும் என்னை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் பேசினாரே, அங்கே அவர் சொன்னது ஒன்று, நான் உங்களிடம் வந்து சொன்னது வேறு.

அவர் சொன்னார், “மூணு பேரும் நல்லா பாடறாங்க, எடுத்துக்கறோம். ஆனா விளம்பரத்துல படம் போடணும், ஊர் ஊரா மேடை ஏத்தணும். அந்த அம்மைத் தழும்புப் பொண்ணுக்குப் பதிலா வேற ஒருத்தியைப் போட்டுக்கலாம்” என்று. என் பிள்ளைகள் மூன்று பேர், வேண்டுமானால் மூன்று பேரையும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதுவரை நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் திரும்பும் ரயிலில் பிலோமினா எதிரே உட்கார்ந்து, என்னப்பா சொன்னாங்க, என்னப்பா சொன்னாங்க என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஏழு வயதில் அம்மை போட்டதிலிருந்து கண்ணாடி பார்க்காத பிள்ளை, உங்களோடு பாட ஆரம்பித்த பிறகுதான் தலை நிமிர்ந்து நடந்தாள். ஏதாவது ஒரு காரணம் சொல்லியாக வேண்டும். டோரதி குரல் ஆம்பளைக் குரல் மாதிரி கேட்கிறதாம், அதனால் வேண்டாம் என்றுவிட்டார்கள் என்று சொன்னேன். மெஷின் பழுது என்றிருக்கலாம், யுத்தத்தால் தட்டுப் போடுவதில்லையாம் என்றிருக்கலாம். இப்போது எத்தனையோ தோன்றுகிறது, அன்று தோன்றவில்லை. நீ பெரியவள், மனது கெட்டி, தாங்கிக்கொள்வாய் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன். நீ “அப்படியா சொன்னாரு?” என்று ஒரே ஒரு தரம் கேட்டாய். ஆமாம் என்றேன். மத்தூரில் வாங்கிய வடையை அப்படியே பெட்டி கையில் கொடுத்துவிட்டு, மைசூர் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாய்.

அடுத்த வாரம் கன்டோன்மென்டிலிருந்து தேதி கேட்டு ஆள் வந்தபோது இனிமேல் நாங்கள் பாடுவதில்லை என்று வாசலிலேயே சொல்லி அனுப்பினாய். தங்கைகள் அழுதார்கள், உனக்குப் பதிலாக வேறு ஆளைச் சேர்க்கவும் அவர்களுக்கு மனம் வரவில்லை. பால்காரி லிங்கம்மா பல நாள் வரைக்கும், யாக்கே ஹாடல்லா, ஏன் பாடுவதில்லை என்று கேட்டுக்கொண்டே பால் ஊற்றினாள். பிறகு நீ நர்ஸ் வேலைக்கு விண்ணப்பப் பாரம் வாங்கிவந்து என் முன்னால் வைத்தாய். கையெழுத்துப் போடும்போது என் பேனா நின்றது. மை தீர்ந்துவிட்டதா அப்பா என்று கேட்டாய். அதற்கும் ஆமாம் என்றேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்கு பியானோ வாசிக்க அமலதாஸ் வந்திருந்தான், அன்றைக்குப் பெங்களூரில் உங்களுக்கு வாசித்தவன்தான், வராந்தாவில் பேசியது அவன் காதில் விழுந்திருக்கிறது. பிலோமினாவுக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து, “உன் முகத்தைச் சொல்லி வேணாம்னப்ப உங்கப்பா எப்படி நின்னாரு தெரியுமா தங்கச்சி” என்று என்னைப் புகழ்ந்திருக்கிறான். அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள், “என்னைத்தானே வேணாம்னாங்க, அக்காவை ஏன்ப்பா சொன்னீங்க?” உனக்கு மனது நோகக் கூடாது என்றுதானம்மா என்றேன். “அக்காவுக்கு மனசு இல்லையா? தட்டு சுத்தறப்ப அதுல முகமா தெரியும்? எனக்குப் பதிலா வேற ஆளைப் போட்டுக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் பாடுங்கன்னு நானே சொல்லியிருப்பேன்ப்பா. எனக்குக் கேக்கவாவது ஒரு தட்டு இருந்திருக்கும்” என்றாள். அம்மாவுக்கும் அன்றுதான் தெரியும். மூன்று நாள் என்னோடு பேசாமல் சாதம் போட்டாள், நாலாம் நாள், நீங்கள் எழுதுகிறீர்களா, பிலோமினாவை விட்டு எழுதச் சொல்லட்டுமா என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கம்பெனிக்காரர் உன் குரலைப் பற்றி வராந்தாவில் சொன்னதும் உண்டு. அதை உனக்குச் சொன்னால் என் பொய் நிற்காது என்பதால் விழுங்கிவிட்டேன். அவர் சொன்ன வார்த்தையையே எழுதுகிறேன். “பெரிய பொண்ணு குரல் மாதிரி நான் இந்தப் பக்கத்துல கேட்டதில்ல சார், மத்த ரெண்டு பேரும் அது மேல நின்னுதான் பாடறாங்க.” இதுதான் மகளே அவர் சொன்னது, ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை. கம்பெனி இனிமேல் வந்து கேட்கப்போவதில்லை, பெட்டியும் ஊரை விட்டுப் போகப்போகிறாள், போன வருஷங்களை நான் எங்கிருந்து கொண்டுவந்து தருவேன். மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் கேட்கிறேன்.

தேவமாதா உன்னைக் காப்பாற்றுவாள், உன் கை பட்ட நோயாளிகள் எல்லாம் சுகமாக எழுந்து நடக்கட்டும். வேலை முடிந்து வந்ததும் கால்களை வெந்நீரில் வைக்கச் சொன்னாள் அம்மா. கல்யாணத்துக்கு லீவு இப்போதே எழுதிப் போடு, அங்கிருந்து வந்துசேர ஐந்தாறு நாளாவது ஆகும். என்மேல் கோபம் இருந்தால் அதை விட்டுவிட்டு வர வேண்டாம், கோபத்தோடேயே வா, வந்து என்னைத் திட்டு. சுகம் என்று மட்டும் எழுதி முடித்துவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா,
பிரகாசம்